முக்கோண இரும்பு

சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும், கேட்காவிட்டால் அமுக்கக் கூடாது, இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது, அந்தப் பெண் இரண்டு தடவை சொல்லிவிட்டாள், இரண்டாவது தடவை வாயை அகலத் திறந்து ஒவ்வொரு சொல்லாக வைத்துவைத்துச் சொன்னாள், அதுதான் ஏகாம்பரத்துக்குச் சுருக்கென்றது, சோதனை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, அதற்குள் தீர்ப்பா. ஆனாலும் தலையை ஆட்டினார். தலையை ஆட்டுவது அவருக்கு எப்போதுமே சுலபம், வாயைத் திறப்பதுதான் கஷ்டம். பெண்ணின் பெயர் நஸ்ரீன், வெள்ளைக் கோட்டில் குத்தியிருந்தது, மகள் வளர்மதி வயதில் பாதிகூட இருக்காது. கதவைச் சாத்திவிட்டுப் போனாள், கனமான கதவு, ஓரத்தில் ரப்பர் வைத்தது, மூடியதும் வெளியுலகம் வெட்டி எடுத்த மாதிரி நின்றுபோயிற்று, பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டாள். சுவர் முழுக்கத் துளைத்துளையாக நுரைப்பலகை, கண்ணாடி இரட்டைக் கண்ணாடி, தலையில் ஹெட்போன், கையில் ஒயர் தொங்கும் பொத்தான். அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆஸ்பத்திரி என்று சொல்லி மகள் தன்னைக் கொண்டுவந்து உட்காரவைத்திருப்பது அவர் காலமெல்லாம் சினிமாவுக்கு வாசித்த மாதிரி ஒரு ரெக்கார்டிங் தியேட்டரில் அல்லவா, என்ன, கொஞ்சம் சின்னது, மாஸ்டர் இல்லை, மற்ற ஆட்கள் இல்லை, தேநீர்த் தூக்கு இல்லை, ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கிற கூச்சம் அப்படியே இருக்கிறது. வரமாட்டேன் என்றுதான் சொன்னார். மூன்று நாள் சொன்னார். வளர்மதி கடைசியில் குக்கரைப் பேச்சில் இழுத்தாள், நாலு விசில் வந்ததும் நிறுத்துங்கப்பா என்று சொல்லிவிட்டு நான் குளிக்கப் போனேன், நீங்க நிறுத்தினீங்க, சோறு வேகவே இல்லை, எத்தனை விசில் வந்துச்சு, சொல்லுங்க. நாலு, என்றார். பக்கத்து வீட்டம்மா ரெண்டுதான் கேட்டுச்சுன்னு சொல்றாங்க, என்றாள். பக்கத்து வீட்டம்மாவுக்குக் காது சரியில்லை என்று சொல்லிவிட்டு ஏகாம்பரம் செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டார். ஆனால் அவர் வந்தது குக்கருக்காக இல்லை, ஞாயிற்றுக்கிழமைக்காக. ஞாயிற்றுக்கிழமை இசையமைப்பாளர் கோதண்டம் மாஸ்டரின் இசையை மேடையில் வாசிக்கப்போகிறார்கள், பாட்டை அல்ல, பாட்டைத்தான் தெருவுக்குத் தெரு வாசிக்கிறார்களே, பின்னணி இசையை, ரீரெக்கார்டிங்கில் போட்டதை, பின்னால் திரையில் காட்சி ஓட, கீழே முழு ஆர்க்கெஸ்ட்ராவும் உட்கார்ந்து, மாஸ்டர் எழுதியது எழுதியபடி. மாஸ்டர் உயிரோடு இருந்தவரை யாருக்கும் தோன்றாதது. ஆர்க்கெஸ்ட்ராவைக் கையசைத்து நடத்துகிற ஃபெலிக்ஸ் போன வியாழக்கிழமைதான் வளர்மதிக்குப் போன் செய்திருக்கிறான், ஏகாம்பரம் அண்ணனைக் காது டாக்டரிடம் ஒருதடவை காட்டுங்க, இல்லாவிட்டால் அவர் வாசிக்கிற முக்கோணம், அந்த டிரையாங்கிள், வருகிற இடங்களைக் கீபோர்டில் போட்டுக்கொள்கிறேன், பட்டனில் அந்தச் சத்தம் இருக்கிறது, என்று. பட்டனில் இருக்கிறதாம்.

இதோ வந்துவிட்டது முதல் சத்தம். வலது காதில், குருவி கூப்பிடுகிற மாதிரி, மூன்று சின்னச் சின்னத் துண்டாக. அமுக்கினார். கொஞ்சம் இடைவெளி, மறுபடியும், முன்னைவிடச் சன்னமாக. அமுக்கினார். இவ்வளவுதானா, இதற்கா இந்தப் பாடு, ஃபெலிக்ஸ் தம்பி, உன் அப்பா பேஸ் வயலின் தூக்கிக்கொண்டு வந்த காலத்திலிருந்து நான் அந்த ஹாலில் உட்கார்ந்தவன். கண்ணை மூடிக்கொண்டார். மூடினால்தான் நன்றாகக் கேட்கும், மாஸ்டரின் ஹாலிலும் அவர் கண்ணை மூடித்தான் உட்கார்ந்திருப்பார், மற்றவர்கள் தூங்குகிறார் என்று கேலி செய்வார்கள், ஏகாம்பரம் எழுந்திரு, உன் டிங் வந்துடுச்சு, என்று தபலாக்கார முனிரத்தினம் காலால் இடிப்பான், ஆனால் ஒருநாளும் எழுப்ப வேண்டி வந்ததில்லை, உள்ளே எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று இரண்டு மூன்று நான்கு, இரண்டு இரண்டு மூன்று நான்கு, மூன்று இரண்டு மூன்று நான்கு, நாலு எண்ணிக்கைக்கு ஒரு பார், பார் பாராக, வயலின்கள் ஏறும், இறங்கும், புல்லாங்குழல் வந்து தன் சோகத்தைச் சொல்லிவிட்டுப் போகும், அதெல்லாம் அவரவர் பாடு, சைடு ரிதம்காரனுக்கு, ஜால்ரா, முக்கோணம் மாதிரிச் சில்லறை வாத்தியம் வாசிக்கிறவனுக்கு, வேலை காத்திருப்பது. புதுப்பேட்டையில் கல்யாண பேண்டில் ஜால்ரா தட்டிக்கொண்டிருந்தவனை, எட்டாவதோடு நின்றவனை, யாரோ அழைத்துக்கொண்டு வந்து அந்த ஹாலில் கடைசி வரிசையில் சுவரோரமாக உட்காரவைத்தார்கள், நொட்டேஷன் படிக்கத் தெரியாது, பிறகு மெதுமெதுவாகக் கற்றுக்கொண்டார், அதிலும் சுரங்களைவிட ஓய்வுக் குறிகளைத்தான் நன்றாகப் படிப்பார், இத்தனை பார் சும்மா இரு என்று ஒரு கோடு போட்டு மேலே எண் எழுதியிருக்கும், அந்த எண்தான் அவர் சோறு. அமுக்கினார். ஒருவர் தப்பாக விழுந்தால் எல்லாரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும் அந்தக் காலத்தில், ஒட்டுப்போடுகிற வேலை கிடையாது, வயலின்காரர் முப்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அந்தப் பார்வை தன்மேல் விழுந்துவிடக் கூடாது என்கிற பயம்தான் அவருக்குத் தாளம் கற்றுக்கொடுத்தது என்று சொல்ல வேண்டும், கூச்சக்காரனைப் போலத் தாளம் தப்பாதவன் உலகத்தில் இல்லை. அமுக்கினார். பாட்டைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். மாப்பிள்ளை காரில் போகும்போது பாட்டுப் போடுவார், முதலில் வருகிற இசையை விரலால் தள்ளிவிட்டு நேராகப் பல்லவிக்குப் போவார், நடுவில் வருவதையும் தள்ளுவார், பாட்டு வரட்டும் மாமா என்பார், ஏகாம்பரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மாப்பிள்ளை தள்ளிவிட்டதை முழுசாக உள்ளே வாசித்து முடித்துவிட்டுத்தான் பல்லவிக்கு வந்து சேருவார், அதற்குள் காரில் சரணமே முடிந்திருக்கும். பாட்டு யாருக்குத்தான் பிடிக்காது, பாட்டில் ஒரு வாய் இருக்கிறது, வார்த்தை இருக்கிறது, நெற்றியில் பேர் எழுதி ஒட்டியிருக்கிறது. பின்னணி இசைக்குப் பேரே இல்லை. கேட்டவனுக்கே தான் கேட்டது தெரியாது, வீட்டுக்குப் போய், படம் என்னவோ பண்ணிடுச்சு என்பான். எத்தனை மாஸ்டர்களிடம் வாசித்திருக்கிறார். சுந்தரவதனம் மாஸ்டர் ஒரு அங்குலம் விடமாட்டார், கதாநாயகி தலை வாரினாலும் இருபது வயலின், சாம்பார் கொதித்தால் அதற்கும் இருபது வயலின். ரோமுலஸ் மாஸ்டருக்கு டிரம்பெட் பைத்தியம், வில்லன் செருப்பு மாட்டினாலே ஊதவைத்துவிடுவார், நல்ல மனுஷன், ஏகாம்பரத்துக்கு அவர் சண்டைக் காட்சிகள் இன்றும் பிடிக்கும், வயிற்றில் போய்க் குத்தும். ஆனால் கோதண்டம் மாஸ்டர் வேறு. அவர் மட்டும்தான் ரீலை முதலில் சத்தமே இல்லாமல் போட்டுப் பார்ப்பார், கையைக் கட்டிக்கொண்டு, பிறகு ஓரமாகப் போய் உட்கார்ந்து விறுவிறுவென்று எழுதுவார், எழுதியதில் பாதியை அடிப்பார். அவர் விட்டுவைத்ததைவிட அடித்ததுதான் அதிகம். அமுக்கினார். அமுக்கினார்.

சத்தம் மேலே மேலே போகிறது, குருவி போய்க் கொசுவாகிவிட்டது, கொசுவும் போய் ஊசியாகிவிட்டது, ஆனால் வரிசை தப்பவில்லை, மூன்று துண்டு, பிறகு சும்மா, பிறகு மூன்று துண்டு, அந்தப் பெண்ணுக்கும் ஒரு கை இருக்கிறது, அந்தக் கைக்கும் ஒரு நடை இருக்கிறது, கண்ணை மூடியபடியே ஏகாம்பரம் அதைப் பிடித்துக்கொண்டார், ஏழு எண்ணிக்கை, ஒரு மிஸ்ரம் மாதிரி, சில தடவை எட்டாகத் தள்ளாடுகிறது, பரவாயில்லை, சின்னப் பெண். அமுக்கினார். இந்த உயரத்தில்தான் டிரையாங்கிள் இருக்கும். கம்பியை வளைத்த முக்கோணம், ஒரு மூலை சேராமல் திறந்திருக்கும், நூலில் தொங்கவிட்டு இரும்புக் குச்சியால் தொட வேண்டும், அடிக்கக் கூடாது, தொட வேண்டும், அடித்தால் பால்காரன் மணி, தொட்டால் வெளிச்சம். மாஸ்டரின் ஒரு படத்தைக் கிணற்றடிப் படம் என்றுதான் வாத்தியக்காரர்கள் சொல்வார்கள். புருஷன் ஊரைவிட்டு ஓடிப்போனவள், இனிமேல் வரமாட்டான் என்று அன்றைக்குத்தான் சேதி வந்திருக்கிறது, கிணற்றடியில் உட்கார்ந்து பாத்திரம் துலக்குகிறாள், ஒரு சொல் கிடையாது, செல்லோ மட்டும், அந்தக் கனத்த குரல் வயலின், கீழ்ச்சுரத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும், முப்பது பார் ஏகாம்பரத்துக்குச் சும்மா, முப்பத்தோராவதில் அவள் இரண்டாவது தட்டை எடுக்கிறாள், அது யார் சாப்பிடுகிற தட்டு என்று பார்க்கிறவனுக்குத் தெரியும், கை நிற்கிறது, அங்கே ஒரு டிங். ஒன்றே ஒன்று. அந்த ரீல் முழுக்க அவருக்கு வேலை அவ்வளவுதான். அதைக் கேட்பதற்காகவே திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் தரை டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார், வேர்க்கடலைத் தோல் உடைகிற சத்தம், பிள்ளைகள் அழுகிற சத்தம், இதில் எங்கே கேட்கப்போகிறது என்று பயந்துகொண்டே எண்ணினார், இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது, டிங், அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, அதுவரை பக்கத்தில் இருப்பவளிடம் யாரோ ஒரு நாத்தனாரைப் பற்றித் திட்டிக்கொண்டிருந்தவள், பாதிச் சொல்லில் நின்றாள். ஏன் நின்றோம் என்று அவளுக்குத் தெரியாது. முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஏகாம்பரத்துக்கு மட்டும் தெரியும். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட, சொன்னால் பெருமை பேசுகிற மாதிரி இருக்கும், ஒரு டிங்குக்குப் போய் என்ன பெருமை. அமுக்கினார். ஆனால் பட்டனில் இருக்கிறதாம். வியாழக்கிழமை ஒத்திகையில் நடந்தது இதே கிணற்றடிதான். செல்லோ ஊர்ந்துகொண்டிருந்தது, அவர் கண்ணை மூடி எண்ணிக்கொண்டிருந்தார், செல்லோ நன்றாகவே கேட்டது, முப்பது, முப்பத்தொன்று, தொட்டார், வெளிச்சம் மாதிரி கேட்டது, கண்ணைத் திறந்தால் ஹால் முழுக்கக் கையைக் கீழே இறக்கி உட்கார்ந்திருக்கிறது. இருபத்தாறிலேயே ஃபெலிக்ஸ் நிறுத்தச் சொல்லியிருக்கிறான். எல்லாரும் நிறுத்தியிருக்கிறார்கள். யாரும் சிரிக்கவில்லை, எல்லாரும் அவரவர் வாத்தியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது சிரிப்பைவிட மோசம். ஃபெலிக்ஸ் கடைசி வரிசைவரைக்கும் நடந்து வந்து குனிந்து மெதுவாக ஏதோ சொன்னான், என்ன சொன்னான் என்று பிடிபடவில்லை, சரி தம்பி என்று தலையை ஆட்டினார், பிறகுதான் தெரிந்தது அவன் கேட்டது, காது மந்தமாகிவிட்டதாண்ணே, என்று. சரி தம்பி. அமுக்கினார். ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் செல்லோ நின்றிருந்தால், நின்றபின்னும் அவர் காதில் ஊர்ந்துகொண்டிருந்தது எது. ஐந்து பார். அதை நினைக்கக் கூடாது. அமுக்கினார். பழைய ஆள் என்றால் அப்படித்தான், வாத்தியம் நின்றாலும் தாளம் நிற்காது, அதற்குப் பேர் வித்தை, வியாதி இல்லை. அமுக்கினார்.

கதவு திறந்தது. ஹெட்போனை நஸ்ரீன் தானே கழற்றினாள், முகத்தில் கோபம் இல்லை, சின்னக் குழப்பம்தான்.

"ஐயா, கடைசி நாலு தடவை நான் சத்தமே குடுக்கல. சும்மாதான் உக்காந்திருந்தேன். நாலு தடவையும் அமுக்கினீங்க."

கேட்டுச்சேம்மா, என்றார் ஏகாம்பரம்.

"அதான் ஆச்சரியமா இருக்கு. நான் குடுத்திருந்தா எப்பக் குடுத்திருப்பேனோ, சரியா அப்ப அமுக்கியிருக்கீங்க."

அவள் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தப்பு தன்னுடையதுதான், ஒரே சீராகக் கொடுத்துவிட்டேன், மாற்றி மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும், மறுபடி முதலிலிருந்து பார்த்துவிடலாம் என்றாள், இந்தமுறை எதையும் எதிர்பார்க்காமல் சும்மா உட்காருங்கள், வந்தால் மட்டும் அமுக்குங்கள் என்றாள், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். முதலிலிருந்து. அந்தச் சொல்லைத்தான் ஒரு ஆயுசு முழுக்கத் தன் பேரில் வராமல் பார்த்துக்கொண்டார். கதவுக்கு வெளியே நாற்காலியில் வளர்மதி பையை மடியில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள், என்னாச்சு என்று கையால் கேட்டாள், ஒன்றுமில்லை என்று அவரும் கையால் சொன்னார், கதவு மறுபடி மூடிக்கொண்டது.

கேட்டது. பொய் இல்லை. அந்த நாலும் கேட்டன, ஊசி மாதிரி, மூன்று மூன்று துண்டாக, பக்கத்தில் வைத்த மாதிரி கேட்டன, இல்லாத ஒன்று இவ்வளவு துல்லியமாகக் கேட்குமா, கேட்குமென்றால் அதற்கு முன்னால் கேட்டவற்றில் எது இருந்தது, எது இல்லை, குக்கரின் நாலு விசிலில் எந்த இரண்டு இவருடையது, அந்த இடத்தில் நெஞ்சு ஒருதரம் வழுக்கியது, மாடிப்படி இறங்கும்போது இன்னொரு படி இருக்கிறது என்று வைத்த கால் தரையில் டம்மென்று மோதுமே, அந்த மாதிரி. வியாழக்கிழமை தொட்டபோது கேட்ட வெளிச்சம். அது இரும்பா, இவரா. போன வருஷம் சர்ச்சில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு வாசித்தது. அதற்கு முந்தி. எப்போதிலிருந்து இரும்பு போய் இவர் மட்டும் ஒலித்துக்கொண்டிருக்கிறார், அதற்கு ஒரு கணக்கு வேண்டாமா, எல்லாவற்றையும் எண்ணியவன் இதை எண்ணாமல் விட்டுவிட்டானே. வீட்டில் அலமாரியில் துணி சுற்றி வைத்திருக்கிற முக்கோணத்தை நினைத்தார், ஊமையாகத் தொங்குகிற முக்கோணம், இவர் குச்சியால் தொடத் தொட ஊருக்கெல்லாம் ஒலித்து இவருக்கு மட்டும் ஒலிக்காத முக்கோணம், அடப்பாவி, எனக்கு மட்டுமா, என்று அதன்மேல் கோபம் வந்தது, பிறகு ஃபெலிக்ஸின்மேல், குனிந்து மெதுவாகப் பேசியதற்கு, காது மந்தம் என்று சந்தேகப்படுகிறவனிடம் எந்த மடையனாவது மெதுவாகக் கேட்பானா, பிறகு மாப்பிள்ளையின் விரல்மேல், பிறகு அந்தப் பட்டன்மேல். பட்டன் தப்பவே தப்பாது. அமுக்கினால் வரும், அமுக்காவிட்டால் வராது. அதற்கு முப்பது பார் காத்திருக்கத் தெரியுமா. காத்திருக்கிறவன் தொடுவதற்கும் காத்திருக்காதவன் தொடுவதற்கும் வித்தியாசம் இல்லை என்று யாராவது மாஸ்டர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பானா. சரி. முதலிலிருந்து என்றால் முதலிலிருந்து. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சும்மா உட்கார வேண்டும், எதிர்பார்க்கக் கூடாது. ஒன்று இரண்டு மூன்று நான்கு. சீ, நிறுத்து. இரண்டு இரண்டு மூன்று. நிறுத்து என்றால் நிறுத்து. நெஞ்சை நிறுத்தச் சொல்கிற மாதிரி இருந்தது, கட்டைவிரல் பொத்தானின்மேல் தானாகத் துடித்தது, அதை எடுத்துப் பக்கத்து விரலின்மேல் மடித்து வைத்துக்கொண்டார், எண்ணாமல் எப்போதாவது இருந்திருக்கிறோமா, தூக்கத்தில்கூட மின்விசிறியை எண்ணுகிறவன், எப்போதாவது, ஒரு தடவையாவது. இருந்திருக்கிறார். அது ஒரு கடைசி ரீல். படத்தின் பேர்கூட மறந்துவிட்டது, ஓடாத படம். அந்த ஹாலில் வாத்தியக்காரர்கள் திரைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்கள், திரையைப் பார்ப்பவர் மாஸ்டர் ஒருவர்தான், அவர் கையை இவர்கள் பார்ப்பார்கள், இவரோ கையையும் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்வார். அன்றைக்குக் கடைசி ரீல் போடும் முன் மாஸ்டர் எழுந்து, எல்லாரும் நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள் என்றார். யாருக்கும் புரியவில்லை. நாற்காலிக் கால்கள் தரையில் இழுபடுகிற சத்தம், வயலின்களைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் திரும்பினார்கள். இந்த ரீலுக்கு நான் ஒண்ணும் எழுதலை, எழுதினதெல்லாம் பொய்யா இருந்துச்சு, அடிச்சிட்டேன், நீங்க சும்மா பாருங்க என்றார். விளக்கு அணைந்தது. ஒரு கிழவனும் அவன் மகனும் பஸ்ஸுக்காக நிற்கிறார்கள், மகன் ராணுவத்துக்குப் போகிறான், பேச்சில்லை, காற்றுக்கூட இல்லை, அப்போது அந்தச் சத்தங்களையெல்லாம் பிறகுதான் சேர்ப்பார்கள், அதனால் ஒன்றுமே இல்லை, பஸ் வருகிறது, மகன் ஏறுகிறான், கிழவன் அந்த இடத்திலேயே நிற்கிறான், வாத்தியங்களை மடியில் வைத்துக்கொண்டு அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள், ஏகாம்பரம் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார், எண்ணவில்லை, எதற்கு எண்ண வேண்டும், தன் இடம் என்று அதில் ஒன்றுமில்லை. ரீல் முடிந்தபோது முனிரத்தினம் மூக்கைச் சிந்தினான். எவ்வளவு நேரம் என்று கேட்டால் இன்றும் தெரியாது. அவர் வாசித்ததிலேயே பெரிய இசை எது என்று யாராவது வந்து கேட்டால், யாரும் கேட்கப்போவதில்லை, கேட்டால், அவர் வாசிக்காத அந்த ரீலைத்தான் சொல்வார். கண்ணைத் திறந்தார். நுரைப்பலகையின் துளைகள் தெரிந்தன. ஒரு சத்தம் வந்தது, தாழ்வாக, ஆந்தை மாதிரி. அமுக்கினார். பிறகு ஒன்றுமில்லை. பிறகு இன்னொன்று, கொஞ்சம் மேலே, எங்கோ தூரத்தில். அமுக்கினார். பிறகு குருவி, ஒரே ஒரு தடவை. பிறகு வரவில்லை. வரவில்லை. அந்தப் பெண்ணின் தோள் அசைந்தது, அவள் ஏதோ கொடுக்கிறாள், மறுபடியும் அசைந்தது, கூட்டிக் கூட்டிக் கொடுக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது, அந்தத் தோளைப் பார்த்தே அமுக்கிவிடலாம், ஒருத்தரும் கண்டுபிடிக்கமாட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை கையில் வந்து விழுந்துவிடும். கட்டைவிரல் அனுமதி கேட்டது. தரமாட்டேன் என்றார் விரலிடம். கேட்காததைக் கேட்டேன் என்று சொல்லித்தான் அந்த மேடையில் போய் உட்கார வேண்டுமா, மாஸ்டர் பொய் என்று பட்டதையெல்லாம் அடித்துப்போட்ட மனுஷன். பார்வையை அவள் தோளிலிருந்து எடுத்துச் சுவரின்மேல் வைத்துக்கொண்டு, ஒன்றுமில்லாததை ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டு, ஏகாம்பரம் சும்மா உட்கார்ந்திருந்தார். இடது காதுக்கும் அப்படியே.

வெளியே வந்ததும் நஸ்ரீன் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினாள், கோடு பாதிவரை நேராக வந்து அங்கிருந்து கிணற்றில் விழுகிற மாதிரி விழுந்திருந்தது. கீழ்ச்சத்தம் நன்றாக இருக்கிறது, ஆம்பளைக் குரல் பரவாயில்லை, மேலே போகப் போக இல்லை, பறவை, விசில், மணி இதெல்லாம் கேட்காது, காதில் மிஷின் வைத்தால் பேச்சு தெளிவாகும், ஆனால் பாட்டுக் கேட்பதற்கு அது அவ்வளவு சரிப்படாது, தகரத்தில் கேட்கிற மாதிரி இருக்கும் சில பேருக்கு, என்று சுற்றி வளைக்காமல் சொன்னாள். அவள் அப்படிச் சொன்னது அவருக்குப் பிடித்திருந்தது. வளர்மதிக்குக் கண் நிறைந்துவிட்டது. ரோட்டுல பின்னாடி வர்ற வண்டி கேக்காதேப்பா உங்களுக்கு, அதை நெனச்சுத்தான் நான் தெனம் செத்துப் பொழைக்கிறேன், என்றாள், இவ்வளவு நாள் அவள் குக்கருக்காகப் பேசவில்லை என்பது அப்போதுதான் இவருக்கு உறைத்தது. மிஷின் போட்டுக்கொள்கிறேன் என்றார், ரோட்டுக்குப் போட்டுக்கொள்கிறேன், உன்னோடு பேசப் போட்டுக்கொள்கிறேன், வாசிக்கும்போது கழற்றிவைத்துவிடுவேன். வாசிக்கும்போதா என்றாள் வளர்மதி. ஃபெலிக்ஸிடம் தானே பேசிக்கொள்வதாகவும், அப்பாவுக்கு முடியவில்லை என்று சொல்லிவிடுவதாகவும், அவன் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டான் என்றும் சொல்லிப் போனை எடுத்தாள். ஏகாம்பரம் கையை நீட்டினார். அவர் தானாகப் போன் கேட்டு வாங்கி அவள் பார்த்ததில்லை, அதனாலேயே கொடுத்துவிட்டாள்.

ஃபெலிக்ஸ் எடுத்தான். அடித்தொண்டைக் குரல், நன்றாகவே கேட்டது.

"ஃபெலிக்ஸ் தம்பி, ஏகாம்பரம் பேசறேன். காதைப் பாத்தாச்சு. டிரையாங்கிள் எனக்குக் கேக்கல. எவ்வளவு நாளாக் கேக்கலன்னு எனக்கே தெரியல."

வருத்தமா இருக்குண்ணே என்றான் ஃபெலிக்ஸ், நிஜமாகவே வருத்தமாக இருந்தது குரல். நீங்க முன்வரிசையில விருந்தாளியா வந்து உக்காருங்க, மேடையில உங்க பேரைச் சொல்றேன், பொன்னாடை போடுறோம், என்றான்.

"பொன்னாடை வேணாம். வாசிக்க வர்றேன். எனக்குக் கேக்கணும்னு மாஸ்டர் அதை எழுதல, எதிர்ல உக்காந்திருக்கிறவங்களுக்குக் கேக்கணும்னு எழுதினாரு. தொடற கை என்கிட்ட இருக்கு. எவ்வளவு தொடணும்னு அதுக்குத் தெரியும்."

கை இருக்கிறது சரி, எங்காவது கூட்டிக் குறைத்து வாசித்தால், நடுவில் நின்றுவிட்டால், அன்றைக்கு மாதிரி ஆகிவிட்டால் என்ன செய்வது என்று ஃபெலிக்ஸ் கேட்டான், நியாயமான கேள்விதான், எதற்கும் கீபோர்டிலும் போட்டு வைத்துக்கொள்கிறேனே, என்றான். போட்டால் எழுந்து போய்விடுவேன் என்றார் ஏகாம்பரம். சொல்லிவிட்டுத் தானே ஒருகணம் திகைத்தார், இப்படி ஒரு வாக்கியம் தன் வாயிலிருந்து வந்ததில்லை, ஆனால் வந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. வராந்தாவில் வளர்மதி நின்றுகொண்டிருந்தாள், நஸ்ரீன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள், அடுத்த ஆளாக ஒரு பெரியவர் கோலை ஊன்றிக்கொண்டு காத்திருந்தார், எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பார்க்கட்டும்.

"இத்தனை நாள் கண்ணை மூடி எண்ணினேன். இனிமே கண்ணைத் தொறந்து வச்சுக்கறேன். ஒன் கை எனக்குத் தெரியணும். கடைசி வரிசையில இருந்து தெரியாது. என் நாற்காலிய முன்னாடி கொண்டாந்து போடு. வயலின்ல ஒருத்தரை நகத்து."

ஃபெலிக்ஸ் சிரித்துவிட்டான், கேலி இல்லை, தாங்கமுடியாமல் வந்த சிரிப்பு.

"முதல் வரிசையில டிரையாங்கிளாண்ணே? பாக்கறவன் எவனாச்சும் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். எனக்குத்தான் கேக்காதே."

போனுக்குள் யாரோ ஒருவர் எங்கோ கம்பிக்குச் சுருதி கூட்டி வில்லை இழுப்பது அடியில் லேசாக வந்துகொண்டிருந்தது, ஒத்திகை நடந்துகொண்டிருக்கிறது போலிருக்கிறது, ஏகாம்பரம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். எந்தப் பக்கம் போடட்டும் என்று ஃபெலிக்ஸ் கேட்டான்.

"செல்லோ பக்கத்துல போடு," என்றார். "அது இப்பவும் கேக்குது."